உப்புவெளியில் ஒரு பிரியாவிடை விருந்து

எங்கள் வடிவமைப்புக் குழுவின் ஆண்டிறுதி ஒன்றுகூடலையும், 7 ஆண்டுகள் எம்முடன் பணியாற்றிக் கொழும்புக்கு மாறிச் செல்லும் அக்கா ஒருவரின் பிரியாவிடையையும் திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் கடலை நோக்கிய சிறிய உணவகமொன்றில் நடத்தினோம். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழைக்காலம் என்று தெரிந்தும் மணலில் மேசை கேட்டது எங்கள் தவறுதான். ஆயினும் தூறல் விழுந்தவுடனேயே பணியாளர்கள் எங்கள் 18 பேரையும் தட்டுகளோடு கூரையின் கீழ் இடம்மாற்றினார்கள்.

நண்டுக் குழம்பில் முருங்கையிலை மணந்தது. ஓட்டை உடைத்து உறிஞ்சும் மும்முரத்தில், எழுத்துருவைப் பற்றி ஆண்டு முழுவதும் சண்டையிட்ட இருவரும் வாய்திறக்கவில்லை. கணவாய் மட்டும் இறப்பராக இழுபட்டது. கேக்கில் அக்காவின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்; பிழைதிருத்துவதே அவருடைய தொழிலாதலால், கத்தி நுனியால் ஒரு சுழியைச் சேர்த்து ‘ன’வை ‘ண’ ஆக்கிய பின்னரே வெட்டினார். சேவைக் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.