தாய்ப்பாலை உறைய வைக்க: பையா, பாட்டிலா?

பம்ப் செய்த பாலை எதில் ஊற்றி வைப்பது என்று குழம்பும் அம்மாக்களுக்காக இது.

செலவு
பை: ஒரு முறைதான் பயன்படும். மாதக்கணக்கில் சேமித்தால் செலவு ஏறிக்கொண்டே போகும்.
பாட்டில்: முதலில் ஒரு தொகை, அப்புறம் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம்.

இடம்
பை: படுக்கை வாட்டில் உறைய விட்டால் தகடு போல ஆகிவிடும். புத்தகம் மாதிரி அடுக்கலாம்.
பாட்டில்: நாலைந்து வைத்தாலே ஃப்ரீசர் நிறைந்துவிடும்.

உறுதி
பை: ஓரத்தில் கசியலாம். கஷ்டப்பட்டு எடுத்த பால் ஒரு துளி வீணானாலும் மனசு வலிக்கும். அதனால் பையை எப்போதும் ஒரு கிண்ணத்துக்குள் வைத்தே இளக்குங்கள்.
பாட்டில்: மூடி சரியாக இருந்தால் கசியாது. ஆனால் பால் உறையும்போது விரியும். மேலே ஓர் அங்குலம் காலியாக விடாவிட்டால் கண்ணாடி விரிசல் விடலாம்.

இளக்குவது
பை: மெல்லியது, வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் இளகும்.
பாட்டில்: நேரம் பிடிக்கும். அவசரத்துக்கு மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. பால் சீராகச் சூடாகாது, குழந்தையின் வாய் வெந்துவிடும்.

எதில் வைத்தாலும் தேதி எழுதுங்கள். 60 முதல் 120 மி.லி. வரை சிறு அளவாக ஊற்றினால் மிச்சத்தைக் கொட்ட வேண்டி வராது. ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதத்துக்குள் என்பது நல்ல கணக்கு. ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கிய பாலை, முழுதாக இளகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

வேலைக்குத் திரும்பும் முன் நிறையச் சேர்த்து வைப்பவர்களுக்குப் பைதான் சரி. இன்று எடுத்து நாளை கொடுப்பவர்கள் பாட்டிலே வாங்குங்கள்.