அலாய் வீலுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சித்திரை மாதக் கடைசியில் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டும்போது முன்பக்கம் இடது சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம். காற்றுக்குத்தான் வண்டி ஆடுகிறது என்று முதலில் நினைத்தேன். அந்தக் கணவாயில் எப்போதும் காற்று அப்படித்தான் அடிக்கும். ஸ்டியரிங்கும் நடுங்க ஆரம்பித்தபோது பயம் வந்துவிட்டது. காவல்கிணறு பக்கம் ஒரு பஞ்சர் கடையில் ஓரம் கட்டினேன். நான்கு நட்டில் மூன்று கையாலேயே சுழன்றன.

பஞ்சர் கடைப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, நட்டு இருக்கப்பட்ட குழியில பெயின்ட அடிச்சு வச்சிருக்கானுவளே. இது நசுங்கி உதிர்ந்தா நட்டு லூசாவாம என்ன செய்யும்?"

பத்து நாளைக்கு முன்புதான் நாகர்கோவிலில் ஒரு கடையில் நான்கு வீலுக்கும் பெயின்ட் அடித்திருந்தேன். எங்கள் வீடு மண்டைக்காட்டில், கடலுக்கு மிகப் பக்கம். உப்புக்காற்றில் அலுமினியக் கலவையால் ஆன அலாய் வீல் என்ன பாடுபடும் என்று கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு சின்னக் கல் பட்டு மேல்பூச்சு உடைந்தால் போதும், அதன் வழியாக உப்பு இறங்கி, புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள் உள்ளுக்குள்ளேயே ஓடும். அப்புறம் குமிழ் குமிழாகப் பொங்கும். என் வீல்கள் அந்த நிலையில்தான் இருந்தன.

கடைக்காரர், "பவுடர் கோட்டிங் அண்ணே, பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். ஒரு வீலுக்கு 2,500 ரூபாய். பில் வேண்டாம் என்றால் மொத்தத்தில் ஆயிரம் குறைப்பதாகச் சொன்னார், நானும் சரி என்றேன். காலையில் விட்ட வண்டியைச் சாயங்காலமே கொடுத்துவிட்டார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்ததால் சந்தேகம் வரவில்லை.

எனக்கு அப்போது தெரியாதது இதுதான். பவுடர் கோட்டிங் என்றால் தூளைத் தூவி, 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பில் வைத்துச் சுட வேண்டும். டயரும் ரப்பர் வால்வும் மாட்டியிருக்க அதைச் செய்யவே முடியாது. பஞ்சர் கடையில் உற்றுப் பார்த்தபோது டயர் ஓரத்திலும் வால்விலும் கறுப்புப் பெயின்ட் தெறித்திருந்தது. டயரைக் கழற்றவே இல்லை. சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டை அடித்துவிட்டு, பவுடர் கோட்டிங் காசை வாங்கியிருக்கிறார்கள்.

மழை தொடங்கியதும் மிச்சமும் வெளுத்துப்போனது. ஆனி முடிவதற்குள் பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. நகத்தால் நிமிண்டினால் ஒரு விரல் நீளத்துக்கு வந்தது. அடியில் பழைய அரிப்பின் வெள்ளைப் பொடி அப்படியே இருந்தது, அதன்மேல் பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். கடைக்குப் போய்க் கேட்டேன். "உப்புத்தண்ணி பட்டா நாங்க என்ன செய்ய?" என்றார். உப்புக்காற்றால்தானே பெயின்ட் அடிக்கவே கொடுத்தேன்! நட்டு லூசானதைச் சொன்னபோது, நான்தான் சரியாக முறுக்கவில்லை என்றார். சக்கரத்தை மாட்டியது அவருடைய ஆள். நாகர்கோவிலில் இருக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம் என்று பார்த்தால் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆயிரம் ரூபாய்க்காகப் பில்லை விட்டது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது மார்த்தாண்டம் பக்கம் ஒரு பெயின்டரிடம் மறுபடி செய்கிறேன். அவர் வேலை செய்யும்போது கூடவே நிற்கிறேன். டயர், வால்வு, பாலன்சிங் ஈயத்துண்டுகள் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட்டார். பொங்கிய இடங்களை 80 நம்பர் சொரசொரப்பான எமரித் தாளால் வெள்ளைப் பொடி துளியும் இல்லாமல் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்து, பிறகு அதைவிட நைசான 180, 320 நம்பர் தாள்களுக்குப் போனார். ஆசிட் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்டதற்கு, ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தையே அரித்துவிடும் என்று மறுத்துவிட்டார். எண்ணெய்ப் பசை போகத் துடைத்ததும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தார். தேய்த்த அலுமினியத்தில் உடனேயே ஆக்சைடு படலம் உண்டாகத் தொடங்கிவிடும். நம் ஊர்க் காற்றில் அதை ராத்திரி முழுக்கத் திறந்து போட்டால் ஈரமும் உப்பும் வேறு படியும், பெயின்ட் நிற்காது. அடுத்து 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, கலரை மெல்லிசாக மூன்று தடவை அடிக்கப் போகிறார். அதற்கு மேல், இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு. அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, வெறும் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு அடிப்பவரைப் பார்த்தால், அது போதாது என்று தடுத்துச் சொல்லுங்கள்.

பிரைமருக்கு முன்பே நட்டுக் குழிகளையும், வண்டியில் சக்கரம் மாட்டும் ஹப்போடு ஒட்டும் பின்பக்க முகத்தையும், டயரின் விளிம்பு உட்காரும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

வண்டியைக் கொடுக்கும்போது, பிரைமர் அடிப்பதற்கு முன்னால் வீலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மறுக்கும் கடையில் விடாதீர்கள். பில் கட்டாயம் வாங்குங்கள், அதில் என்ன பூச்சு என்று எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே அடித்து வாங்கியவர்கள் இன்றைக்கே ஒரு நட்டைக் கழற்றிக் குழியைப் பாருங்கள். பெயின்ட் இருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மாட்டுங்கள். சக்கரம் மாட்டிச் சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.