முன்பல்லை உரசுவதா, ஒட்டுவதா, வெளுப்பதா?

அக்காவின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். களுவாஞ்சிகுடியில் இருந்து வந்திருந்தவள் கையால் வாயை மறைத்துக்கொண்டே சிரித்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி, ஒரு பல்லில் சைக்கிளால் விழுந்து உடைந்த மூலை, மொத்தத்தில் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். ஒரு இடத்தில் காட்டியிருக்கிறாள், மேல் முன்பல் ஆறுக்கும் கிரவுன், அதாவது பல்லை உரசி அதன்மேல் மாட்டுகிற முழு மூடி, போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "போடவா சின்னம்மா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லாமல் என் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினேன். எனக்கு இருபத்திமூன்று வயதில் போட்ட கிரவுன் அது. ஈறு மெல்ல மேலே ஏறிவிட்டதால், பீங்கானுக்கு உள்ளே இருக்கிற உலோகத்தின் விளிம்பு இப்போது கறுப்புக் கோடாகத் தெரிகிறது. எனக்கும் உடைந்திருந்தது ஒரு மூலைதான். அதற்காக நல்ல பல்லைச் சுற்றிவர உரசி முளைபோல ஆக்கினார்கள், வேறு வழி இருக்கிறது என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறேன்.

ஒரே கேள்வியை வைத்துத்தான் முன்பல்லை அழகாக்கும் இந்த வழிகளை நான் ஒப்பிடுவேன்: இந்த வேலைக்காக என் பல்லில் இருந்து எவ்வளவு போகிறது? பள்ளிப் புத்தகத்தில் மிளிரி என்று படித்தோமே, அந்த எனாமல் ஒரு தடவை போனால் திரும்ப வளராது. முன்பல்லின் நுனிப்பக்கத்தில் அதன் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர், ஈறுப் பக்கம் போகப் போக இன்னும் மெல்லிசு.

முழுக் கிரவுனுக்கு, ஈறுக்கு வெளியே தெரிகிற பல்லில் பாதிக்கு மேல் உரசப்படும், 60-70 சதவீதம் வரைக்கும் போகலாம். வேர்ச் சிகிச்சை செய்து பெரும்பகுதி உடைந்துபோன பல்லுக்கு அது தேவைதான், அங்கே அது பல்லைக் காப்பாற்றுகிறது. ஆனால் மஞ்சளுக்கும் சின்ன இடைவெளிக்கும் கிரவுன் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பல்லின் முன்பக்கத்தில் மெல்லிய ஓடுபோல ஒட்டுகிற பீங்கான் வெனியருக்கு அந்தப் பக்கத்தில் மட்டும் வழக்கமாக 0.3 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை எடுப்பார்கள். சில பற்களில் எடுக்காமலும் ஒட்டலாம். பல் நிறப் பிசினான கொம்போசிட் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் உரசவே தேவையில்லை: பொஸ்போரிக் அமிலத்தை அரை நிமிடத்துக்குள் பூசிக் கழுவினால் எனாமல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாகும், பிசின் அதில் பிடித்துக்கொள்ளும். 1955இல் புவோனகோர் என்ற பல் மருத்துவர் காட்டிய வழி இது, இன்றைக்கும் எல்லா ஒட்டு வேலைக்கும் அடிப்படை அதுதான்.

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். வெனியர் ஆய்வுகூடத்தில் செய்து வருவதால் குறைந்தது இரண்டு தடவை போகவேண்டும், விலையும் கூட. ஆனால் பிளேன்டீயும் வெற்றிலையும் அதன் நிறத்தை லேசில் மாற்றாது, பத்து வருடம் தாண்டியும் நிற்கும். கொம்போசிட் ஒரே இருப்பில் முடிந்துவிடும், சில வருடங்களில் மங்கும், ஓரம் உடையும், பொலிஷ் போடவேண்டி வரும். இப்படிப் பார்த்தால் வெனியர்தான் வென்றது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் கொம்போசிட் உடைந்தால் அந்த இடத்திலேயே சேர்த்து ஒட்டிவிடலாம், வெனியர் உடைந்தால் பெரும்பாலும் புதிதாகச் செய்யவேண்டும், அதோடு எனாமலை உரசிப் போட்டிருந்தால் அந்தப் பல்லுக்கு வாழ்நாள் முழுக்க ஏதோ ஒரு மூடி வேண்டும். இருபத்திநாலு வயதுப் பிள்ளைக்கு அதை இன்னும் இரண்டு மூன்று தடவையாவது மாற்ற வேண்டி வரும். நாற்பது தாண்டியவர், பல் நன்றாகத் தேய்ந்து நிறம் கெட்டுப்போனவர் என்றால் வெனியரை நானே சொல்வேன். தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நிறம் மட்டும்தான் பிரச்சினை என்றால் பிளீச்சிங் போதும். அதற்கும் முன்னால் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற ஸ்கேலிங், வெற்றிலைக் காவியும் தேயிலைக் கறையும் அதிலேயே பெரும்பாலும் போய்விடும், அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காசில்லாமல் செய்யலாம். பல் அளவுக்குச் செய்த உறையில் மருந்தை விட்டு வீட்டில் போடும் டிரே முறையில் 10 சதவீதக் காபமைட் பெரொக்சைட் ஜெல், இரவில் இரண்டு கிழமை போல. கிளினிக்கில் செய்வது ஒரு மணித்தியாலத்தில் முடியும், மருந்து பல மடங்கு கடுமை. அன்றைக்குத் தெரிகிற பளிச்சில் ஒரு பங்கு பல் காய்ந்துபோனதால் வருவது, சில நாளில் இறங்கிவிடும். என் ஓட்டு டிரேக்குத்தான். இரண்டிலும் பல் கூசும், பிறகு அடங்கும். கர்ப்பிணிகள் தள்ளிப்போடுங்கள். எலுமிச்சையும் உப்பும் தேய்ப்பது மட்டும் வேண்டாம், அது கறையை அல்ல எனாமலையே கரைக்கிறது.

அம்பாறையின் உட்பகுதிகளில் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடின இடங்கள் இருக்கின்றன, அங்கே வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் வெனியர் முதல் வழி இல்லை. மேற்பரப்பை அமிலத்தால் திறந்து, மெல்லிய பிசினை உள்ளே ஊற விடுகிற முறை ஒன்று உண்டு. கடதாசியில் எண்ணெய் பட்டால் வெள்ளை மறைந்து ஒளி விடுமே, ஏறக்குறைய அதேதான். ஆழமான மண்ணிறத் திட்டு இதில் முழுசாகப் போகாது.

இடைவெளி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: முன்பு இல்லாத இடைவெளி வயது வந்த பிறகு விழுந்தால் அது ஈறு நோயாக இருக்கலாம், மூடி மறைக்காமல் முதலில் ஈறைக் காட்டுங்கள்.

சரி, அக்காவின் மகளைக் கல்லடியில் வேறு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக மட்டும் அவர் அமிலம் எதுவும் பூசாமல், கொம்போசிட்டை விரலால் அழுத்தி உருவம் பிடித்து, மூலையையும் இடைவெளியையும் அடைத்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பிள்ளை வாய் திறந்து சிரித்தாள், இரண்டு தரம் பார்த்தாள், பிறகு "பல்லு அகலமாத் தெரியுது, இது நான் இல்லையே" என்றாள். அவர் கருவியின் நுனியால் ஒரு நெம்பு நெம்ப அது அப்படியே கழன்று வந்தது, கீழே பல் பழையபடி.

இடைவெளியை விட்டுவிட்டு மூலையை மட்டும் கட்டுவது என்று முடிவு. நிறம் முதலில், ஒட்டு பிறகு, ஏனென்றால் கொம்போசிட்டின் நிறத்தை பிளீச்சிங் மாற்றாது, வெளுத்த உடனே ஒட்டினால் பிடிப்பும் குறைவு, இரண்டு கிழமையாவது பொறுக்க வேண்டும். இப்போது ஒன்பதாம் இரவு, டிரேயை வாயில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.