நிலத்திடம் பணம் கேட்பதா, பயணிகளைக் கேட்பதா?

சென்னைப் பெருநகரப் பொதுப் போக்குவரத்துக்கு நிதி கேட்டு மனு கொடுக்கும் சங்கங்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைக் கையில் எடுக்கின்றன. மாநில பட்ஜெட்டில் மானியத்தைக் கூட்டச் சொல்வது ஒன்று. மெட்ரோ தடங்களை ஒட்டிய மனைகளில் கூடுதல் தளங்களுக்கு அனுமதி தந்து, அந்தக் கட்டணத்தைப் போக்குவரத்துக்குத் திருப்பச் சொல்வது இன்னொன்று. ஏற்கெனவே வசூலாகும் வரியில் ஒரு பங்கைச் சட்டப்படி பிரித்துத் தனி நிதியமாக வைக்கச் சொல்வது மூன்றாவது. இந்த அலசல் மூன்றாவதன் பக்கம் நிற்கிறது. பெருநகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும், 2008-ல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான திட்டம் எழுதப்படும் நேரத்தில் தவறான கோரிக்கையை வைத்தால் அதைத் திருத்த அடுத்த தலைமுறைதான் வர வேண்டும்.

பேருந்து நல்லது, நெரிசல் குறையும், காற்று சுத்தமாகும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதைத் தாண்டிப் போவோம்.

முதலில் மானியம். இன்று பேருந்துகளை ஓட வைப்பதே இதுதான். 2018 ஜனவரிக்குப் பிறகு நகரப் பேருந்துக் கட்டணம் உயரவில்லை. சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் இன்னும் 5 ரூபாய். 2021 மே மாதம் முதல் மகளிருக்கு அதில் கட்டணமே இல்லை. அந்த இலவசப் பயணத்துக்காகக் கழகங்களுக்குத் தரும் ஈட்டுத்தொகைக்கு மட்டும் 2025–26 மாநில பட்ஜெட் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல செலவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில். மானியம் ஆண்டுக்கு ஆண்டு முடிவாவது. அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று தெரியாத போக்குவரத்துக் கழகம் பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தம் போடத் தயங்கும், ஓட்டுநர் நியமனத்தைத் தள்ளிப்போடும், ஆயுள் முடிந்த வண்டியை இன்னும் ஓராண்டு இழுக்கும்.

இரண்டாவது வழிதான் கருத்தரங்குகளில் அதிகம் கைதட்டல் வாங்குகிறது. 2017-ல் வந்த மத்திய மெட்ரோ கொள்கையும் நில மதிப்பு உயர்விலிருந்து நிதி திரட்டச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான கருவி பிரீமியம் எஃப்எஸ்ஐ. எஃப்எஸ்ஐ என்பது மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான சாலையில் 50 சதவீதம், 12 முதல் 18 மீட்டர் வரை 40, 9 முதல் 12 மீட்டர் வரை 30 சதவீதம் கூடுதல் தளப்பரப்பைக் கட்டணம் செலுத்தி வாங்கலாம். ஐந்து கிரவுண்டு மனை, அதாவது 12,000 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 என்றால் 24,000 சதுர அடி கட்டலாம். 40 சதவீத பிரீமியம் சேர்ந்தால் மேலும் 9,600.

பணம் வரும், ஆனால் ஒரு மனைக்கு ஒரே ஒரு முறை. வீடு விற்காத ஆண்டில் அதுவும் வராது. ஹாங்காங்கின் மெட்ரோ நிறுவனம் நிலத்தால் வாழ்வதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அங்கே நிலம் அரசின் குத்தகை நிலம். ரயில் வருவதற்கு முந்தைய விலையில் நிறுவனத்தின் கைக்கு வந்து, வந்தபின் உயர்ந்த விலையில் போகிறது. இங்கே தடத்தின் இருபுறமும் பட்டா நிலம்; விலையேற்றத்தின் பெரும்பகுதி அறிவிப்பு வந்த அன்றே உரிமையாளர் கைக்குப் போய்விடுகிறது. நமக்கு நெருக்கமான உதாரணம் ஹைதராபாத். 2017-ல் ஓடத் தொடங்கி, படிப்படியாக 69 கி.மீ. ஆன மெட்ரோவில், டிக்கெட் வருமானத்தோடு 1.85 கோடி சதுர அடி கட்டட உரிமையும் சேர்த்துத்தான் தனியார் பங்காளியின் கணக்கு போடப்பட்டது. கட்டடங்கள் அந்த வேகத்தில் எழவில்லை, கடன் ஏறியது; 2025-ல் திட்டத்தை மாநில அரசே ஏற்பதற்குப் பேச்சு முடிந்தது. ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிலத்தின் மீது கட்டிய கணக்கு சாய்ந்தது.

இனி எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒன்றுக்கு வருவோம்: ஓட்டும் செலவு.

12 மீட்டர் மின்பேருந்தை ஒப்பந்த முறையில் ஓட்ட, கிலோமீட்டருக்கு 75 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நாளுக்கு 200 கி.மீ. ஓடினால் ஆண்டுக்கு 73,000 கி.மீ.; ஒரு பேருந்துக்கு 54.75 லட்சம் ரூபாய். ஆயிரம் பேருந்துக்கு ஏறத்தாழ 548 கோடி. மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 532 கோடி. ஆக, ஒரு கிலோமீட்டர் மெட்ரோ கட்டும் பணம் ஆயிரம் பேருந்துகளை ஏறக்குறைய ஓராண்டு ஓட்டும் பணத்துக்குச் சமம். இதை மெட்ரோவுக்கு எதிரான வாதமாகப் படிக்கக் கூடாது. மெட்ரோ பாதை பல பத்தாண்டுகள் நிற்கும், பேருந்துச் செலவு அடுத்த ஆண்டும் வரும். அடுத்த ஆண்டும் வரும் என்பதுதான் இங்கே கேள்வியே. ஒரு முறை வரும் பணத்தால் ஒரு முறை செய்யும் செலவைத்தான் தாங்க முடியும்.

நகரங்களுக்கு மத்திய அரசு நிதி தந்த ஜேஎன்என்யுஆர்எம் திட்டம் இதைக் காட்டிவிட்டது. 2009 வாக்கில் பேருந்து வாங்க மத்திய நிதி தாராளமாக வந்தது. வாங்கிய நகரங்கள் பலவற்றில் சில ஆண்டுகளிலேயே வண்டிகள் டயருக்கும் உதிரிபாகத்துக்கும் சம்பளத்துக்கும் வழியில்லாமல் பணிமனையில் நின்றன. மத்திய அரசு அந்தப் பாடத்தைப் படித்திருப்பதாகவே தெரிகிறது: 2024 செப்டம்பரில் 3,435 கோடி ரூபாயில் மின்பேருந்துகளுக்குப் பணப் பட்டுவாடாப் பாதுகாப்பு ஏற்பாட்டை அறிவித்தது. கழகம் ஒப்பந்ததாரருக்குப் பணம் தரத் தவறினால் நிதியத்திலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு மாநிலத்தின் கணக்கில் நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் முறை. மாதாமாதப் பணம் நின்றால் வண்டி நின்றுவிடும் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

ஆகவே தேவை மாதாமாதம் வரும் பணம். மேலே சொன்ன 75 ரூபாயில், வசூலும் இலவசப் பயண ஈடும் சேர்ந்து 45 ரூபாய் கிடைப்பதாக வைத்தாலும் 30 ரூபாய் பள்ளம். பேருந்து ஒன்றுக்கு ஆண்டுக்கு 21.9 லட்சம். இதை எங்கிருந்து நிரப்புவது?

வண்டியைப் பதிவு செய்யும்போது கட்டும் வாகன ஆயுள் வரிதான் பொருத்தமான ஊற்று. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 13 சதவீதம். 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். எட்டு லட்ச ரூபாய் கார் ஒன்று 1.04 லட்சம் வரி கட்டுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் இப்படிப்பட்ட 211 கார்களின் பங்கு ஒரு பேருந்தின் ஓராண்டுப் பள்ளத்தை நிரப்பும். புதிய வரி இல்லை, விகித உயர்வும் இல்லை. வண்டிக்காரருக்கு அது ஒரு முறை. கருவூலத்துக்கோ ஒவ்வொரு நாளும். சாலையில் கூடுதலாக இடம் பிடிப்பவரிடமிருந்து குறைவாகப் பிடிப்பவருக்குப் போகிறது என்ற நியாயமும் இருக்கிறது.

சிலர் சொத்துப் பத்திரப் பதிவில் வாங்கும் 2 சதவீத மாற்றுத் தீர்வையிலிருந்து கேட்கலாம் என்பார்கள். கணக்கு இன்னும் எளிது: 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1.6 லட்சம், அதில் கால் பங்கு 40,000, 55 பதிவுகள் போதும். ஆனால் அது உள்ளாட்சிகளின் பணம். நடைபாதையும் தெருவிளக்கும் போடவேண்டிய அதே மாநகராட்சியின் பையில் கைவைத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்குடை கேட்க முடியாது.

ஆயுள் வரிப் பங்குக்கும் ஓட்டைகள் உண்டு. மின்வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு தொடரும்வரை வரியின் அடித்தளம் மெல்லத் தேயும். கார் விற்பனை சரியும் ஆண்டில் வரவும் சரியும். பிரான்சில் 1971-லிருந்து நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் மீது வசூலிக்கும் போக்குவரத்து வரி இதைவிட நிலையானது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான வேலை சம்பளப் பட்டியலுக்கு வெளியே நடப்பதால் அதை அப்படியே கொண்டுவந்து நட முடியாது. பத்தில் ஒரு பங்கு என்ற அளவும் தொடக்கப் பேச்சுக்கானதுதான். நிதித்துறையோடு உட்கார்ந்தால் மாறும்.

அப்படியானால் நிலப் பயன்பாட்டை விட்டுவிடுவதா? இல்லை. நிலத்திடம் பயணிகளைக் கேட்க வேண்டும். பேருந்தின் கிலோமீட்டர் வருமானத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நில முடிவுகள்தான். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளை வேலை இருக்கும் இடத்திலிருந்து வெகு தொலைவில் வைத்தால், காலையில் வண்டி ஒரு திசையில் பிதுங்கிப் போய் மறுதிசையில் காலியாகத் திரும்பும். பாதி கிலோமீட்டருக்கு வசூல் இல்லை. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபோது அருகிலேயே வரவேண்டிய ரயில் நிலையம் தயாராகவில்லை. முனையம் கட்டிய செலவு ஒரு முறையோடு முடிந்தது. இணைப்புப் பேருந்துகளின் செலவு மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் தலையில் ஒவ்வொரு நாளும் ஏறியது.

பிரீமியம் எஃப்எஸ்ஐ-யிலும் இதே கோணத்தில் பார்த்தால் பெரிய கோளாறு தெரியும். தூண்தளத்திலும் நிலத்தடித் தளத்திலும் உள்ள கார் நிறுத்தம் எஃப்எஸ்ஐ கணக்கில் வருவதில்லை. விதிகள் சொல்வதும் குறைந்தபட்ச நிறுத்தம்தான், உச்சவரம்பு அல்ல. நிலையத்திலிருந்து 300 மீட்டரில் கூடுதல் தளம் வாங்கியவர் கூடுதல் காருக்கும் இடம் கட்டுகிறார். அடர்த்தி வரும், பயணி வரமாட்டார். அதோடு மதில் சூழ்ந்த குடியிருப்புகள்: வரைபடத்தில் 500 மீட்டர், காலால் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

எனவே மனுவில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். நிதித்துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் பட்ஜெட் வருவதற்குச் சில மாதம் முன்பே: ஆயுள் வரியில் இத்தனை பங்கு, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் (கும்டா) கீழ் தனிக் கணக்கு, ஓடிய கிலோமீட்டருக்கு மட்டுமே பணம், கட்டடம் கட்ட அதைத் தொடக்கூடாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சிஎம்டிஏ), வரைவு முழுமைத் திட்டத்தின் மீது ஆட்சேபம் கேட்கும் காலத்துக்குள்: நிலையத்திலிருந்து நடைதூரம் 500 மீட்டருக்குள் கார் நிறுத்தத்துக்கு உச்சவரம்பு, அதைத் தாண்டியது எஃப்எஸ்ஐ-யில் சேர வேண்டும், பெரிய மனைகளில் பொது நடைவழி கட்டாயம். சர்வே எண், சாலை அகலம் குறிப்பிடாத ஆட்சேபம் பொதுக் கருத்தாகக் கோப்பில் தங்கிவிடும்.

இதற்குமுன் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பணிமனைவாரியான மாதாந்திர அறிக்கையின் நகலைக் கேளுங்கள்: திட்டமிட்ட கிலோமீட்டர், ஓடிய கிலோமீட்டர், வெறுமையாக ஓடிய கிலோமீட்டர், ஆள் இல்லாமலும் பழுதாலும் ரத்தான நடைகள், கிலோமீட்டர் செலவும் வருமானமும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் பேருந்து குறைவு’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். வந்த எண்களில் ஆள் இல்லாமல் ரத்தான நடைகள் அதிகமென்றால், புதுப் பேருந்து கேட்பதை ஒத்திவைத்து, ஓட்டுநர், நடத்துநர் நியமனத்தை மனுவின் முதல் வரியில் வையுங்கள்.