சேப்பாக்கத்தின் ஆகச் சிறந்த பந்துவீச்சு எது? ஹிர்வானியா, ஹர்பஜனா, ராபர்ட்ஸா?

சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட்களில் எந்தப் பந்துவீச்சு உச்சம் என்று கேட்டால், பெரும்பாலானோர் யோசிக்காமல் நரேந்திர ஹிர்வானி பெயரைச் சொல்லிவிடுவார்கள். 136 ரன்னுக்கு 16 விக்கெட், அதுவும் ஆடிய முதல் டெஸ்டிலேயே. அறிமுக டெஸ்டில் இதைவிடச் சிறப்பாக இன்றுவரை யாரும் வீசவில்லை. 1972இல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸி எடுத்தது 137க்கு 16. ஒரே ஒரு ரன்னில் ஹிர்வானி முந்திவிட்டார். எண்ணை மட்டும் பார்த்துப் பரிசு கொடுப்பதென்றால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு அந்தக் கணக்கு போதாது. அதே பிட்சில் மற்ற பந்துவீச்சாளர்கள் என்ன செய்தார்கள், எதிரே நின்ற அணி எப்படிப்பட்டது, மறுமுனையிலிருந்து எவ்வளவு கை கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டத்தில் வென்றார்களா தோற்றார்களா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தன் அணி 154க்குச் சுருண்டதற்குப் பந்துவீச்சாளர் என்ன செய்வார்?

முதலில் ஹிர்வானி. 1988 ஜனவரி, வெஸ்ட் இண்டீஸ் தொடரின் கடைசி டெஸ்ட். வெங்சர்க்கார் காயம்பட்டதால் ரவி சாஸ்திரி கேப்டன். அவர் வாழ்நாளில் கேப்டனாக இருந்த ஒரே டெஸ்ட் அது. இந்தியா முதலில் ஆடி 382 எடுத்தது, கபில் தேவ் 109. அதன்பிறகு பத்தொன்பது வயது லெக் ஸ்பின்னர் பந்தை வாங்கினார். 61க்கு 8. இரண்டாவது இன்னிங்ஸில் 75க்கு 8. வெஸ்ட் இண்டீஸ் 184, 160. இந்தியா 255 ரன்னில் வென்று தொடரை 1-1 எனச் சமன் செய்தது.

மொத்தம் 33.5 ஓவர்தான் வீசினார் என்பதைக் கவனியுங்கள். சராசரியாக 13 பந்துக்கு ஒரு விக்கெட். டெஸ்ட் கிரிக்கெட்டில் இது நம்ப முடியாத வேகம். ஆனால் அந்த வேகமே சந்தேகத்தையும் கிளப்புகிறது. அந்த பிட்ச் சரியாகத் தயாராகாத பிட்ச், முதல் நாளிலிருந்தே பந்து திரும்பியது. இரண்டாவது இன்னிங்ஸில் 416 என்ற இலக்கைப் பார்த்த வெஸ்ட் இண்டீஸ் பேட்ஸ்மேன்கள் தடுத்தாடிப் பயனில்லை என்று இறங்கி இறங்கி அடிக்கப் போனார்கள். விக்கெட் கீப்பர் கிரண் மோரே அந்த இன்னிங்ஸில் மட்டும் ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார், ஆட்டத்தில் ஆறு. இரண்டுமே உலக சாதனை. ஒரே இன்னிங்ஸில் ஐந்து ஸ்டம்பிங் என்றால் பந்துவீச்சாளரின் தந்திரம் பாதி, பேட்ஸ்மேன்களின் அவசரம் பாதி என்றுதான் நான் படிக்கிறேன்.

அதற்காக ஹிர்வானியைக் குறைத்துப் பேசவும் மனம் வரவில்லை. முதல் இன்னிங்ஸில் 68 எடுத்து நன்றாக ஆடிக்கொண்டிருந்த விவியன் ரிச்சர்ட்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்தது பிட்ச் அல்ல, ஹிர்வானிதான். அந்தக் காலத்து ரிச்சர்ட்ஸுக்கு எதிராக, சர்வதேச அனுபவமே இல்லாத ஒரு பையன் பந்தைத் தூக்கிப் போட்டு வீசுவதற்கே தனித் துணிச்சல் வேண்டும். பிற்பாடு அவர் 17 டெஸ்டில் 66 விக்கெட்டோடு நின்றுவிட்டார் என்பதை வைத்து அந்த ஆட்டத்தை மதிப்பிடுவது நியாயமில்லை. சாதனையை அதன் நாளில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது ஹர்பஜன் சிங். 2001 மார்ச், ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலியா. கொல்கத்தாவில் லட்சுமணும் திராவிடும் ஆட்டத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருந்தார்கள், தொடர் 1-1. சென்னையில் வெல்பவருக்குக் கோப்பை. கும்ப்ளே தோள்பட்டை அறுவை சிகிச்சையால் தொடரிலேயே இல்லை. ஸ்ரீநாத்தும் காயம். வேகத்துக்கு ஜாகீர் கான் ஒருவர், புதுப்பந்தைப் பகிர கேப்டன் கங்குலி. சுழலில் துணைக்கு நிலேஷ் குல்கர்னியும் முதல் டெஸ்ட் ஆடிய சாய்ராஜ் பஹுதுலேயும். சுருக்கமாகச் சொன்னால், இருபது வயது ஹர்பஜனுக்கு மறுமுனையில் ஆளே இல்லை.

பிட்சோ நல்ல பிட்ச். மேத்யூ ஹேடன் ஸ்வீப் அடித்தே 203 எடுத்தார். இந்தியா 501 எடுத்தது, டெண்டுல்கர் 126. அந்த 501இல் ஷேன் வார்ன் 42 ஓவர் வீசி 140 ரன் கொடுத்து எடுத்தது இரண்டே விக்கெட். உலகின் தலைசிறந்த சுழல் பந்துவீச்சாளருக்கு இரண்டு விக்கெட் கொடுத்த பிட்சில் இன்னொருவர் 15 எடுத்தார் என்பதுதான் என் வாதத்தின் மையம்.

இரண்டாம் நாள் காலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆஸ்திரேலியா 3 விக்கெட்டுக்கு 340, ஹேடனும் ஸ்டீவ் வாவும் களத்தில். 550, 600 என்று போகப் போகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஹர்பஜன் பந்தை ஸ்டீவ் வா ஸ்வீப் செய்யப் போய்த் தவறவிட்டார், பந்து பேடில் பட்டது. எல்பிடபிள்யூ அப்பீல், அம்பயர் தரவில்லை. அதற்குள் பந்து குதித்துச் சுழன்று ஸ்டம்பை நோக்கிப் போக, வா அனிச்சையாகக் கையை நீட்டித் தட்டிவிட்டார். இந்தியர்கள் மறுபடி அப்பீல் செய்தார்கள். பந்தைக் கையால் தொட்டதற்காக அவுட். இது பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாத விக்கெட். ஆனால் அதற்குப் பிறகு விழுந்த ஆறும் ஹர்பஜனுடையவை. பாண்டிங் பூஜ்யத்தில் ஸ்டம்பிங், கில்கிறிஸ்ட் 1, வார்ன் 0. கடைசியில் ஹேடனும் அவரிடமே விழுந்தார். 51 ரன்னுக்கு ஏழு விக்கெட் போய் 391இல் ஆல் அவுட். ஹர்பஜனுக்கு 133க்கு 7.

என்னைக் கேட்டால் இரண்டாவது இன்னிங்ஸ் அதைவிட ஒரு படி மேல். 41.5 ஓவர், அதில் ரன்னே தராத மெய்டன் ஓவர் 20, 84 ரன், 8 விக்கெட். ஆஸ்திரேலியர்கள் ஹிர்வானி காலத்து வெஸ்ட் இண்டீஸ் போல ஓடிவந்து விழவில்லை. வா சகோதரர்களும் ஸ்லேட்டரும் நின்று ஆடினார்கள். ஒவ்வொரு விக்கெட்டையும் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய பாதி ஓவர்களில் ஒரு ரன்கூடத் தராமல், சலிக்காமல் ஒரே இடத்தில் குத்தி, கூடுதல் எழும்பலால் பேட்ஸ்மேனை ஒட்டி நிற்கும் ஷார்ட் லெக், சில்லி பாயிண்ட் ஃபீல்டர்களை வேலை வாங்கினார். ஆட்டம் முழுக்க 80.1 ஓவர், 217க்கு 15. ரன் கணக்கில் ஹிர்வானியைவிட அதிகம், விக்கெட் ஒன்று குறைவு. உழைப்பில் இரண்டு மடங்குக்கும் மேல்.

155 என்ற இலக்கை இந்தியா துரத்தியபோதும் அவர் வேலை முடியவில்லை. 8 விக்கெட் போன பிறகு களமிறங்கி, மெக்ராத் பந்தைப் பாயிண்ட் பக்கம் தட்டி வெற்றி ரன்னை எடுத்ததும் அவர்தான். பந்துவீச்சு ஒப்பீட்டில் இதைச் சேர்க்கக் கூடாது, தெரியும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தத் தொடரில் அவர் எடுத்தது 32 விக்கெட். அடுத்த இந்தியருக்கு மூன்று.

மூன்றாவதாக, பலர் மறந்துவிட்ட பெயர்: வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ். 1975 ஜனவரி, இந்தியாவுக்கு எதிராக. சேப்பாக்கம் என்றாலே சுழல் என்ற பேச்சுக்கு நடுவே ஒரு வேகப்பந்து வீச்சாளர் 64க்கு 7, 57க்கு 5, மொத்தம் 121க்கு 12 எடுத்தார். அணியோ 100 ரன்னில் தோற்றது. அதனாலேயே இந்தப் பந்துவீச்சு வேறொருவரின் புகழுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்த ஆட்டம் இன்றைக்கும் குண்டப்பா விஸ்வநாத்தின் 97 நாட் அவுட்டால்தான் நினைவுகூரப்படுகிறது. இந்தியா 8 விக்கெட்டுக்கு 117. பேடியை வைத்துக்கொண்டு 52, சந்திரசேகரை வைத்துக்கொண்டு 21 சேர்த்து 190 வரை இழுத்தார் விஸ்வநாத். அந்த 97ஐ ரசிகர்கள் சதத்துக்கு மேலாகப் பேசுவது ஏன்? மறுமுனையில் ஏழு பேரைக் கழற்றிய ராபர்ட்ஸை அவர் சமாளித்ததால்தான். பந்துவீச்சு சாதாரணமாக இருந்திருந்தால் அந்த 97உம் சாதாரணமாகிப் போயிருக்கும்.

ராபர்ட்ஸிடம் இரண்டு வகை பவுன்சர் இருந்தது. ஒன்று சற்று மெதுவாக வரும், அதை ஹூக் அடித்துப் பழகிய பேட்ஸ்மேனுக்கு அடுத்தது அதே கையசைவில் வேகமாக வந்து முகத்துக்கு நேரே எழும்பும். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்ட மாட்டார் என்பதால் எது எப்போது வரும் என்று படிக்கவும் முடியாது.

பிறகு ஏன் அவரை முதலிடத்தில் வைக்கவில்லை? என் அளவுகோலே அவருக்கு எதிராக நிற்கிறது. அதே பிட்சில் இந்தியச் சுழல் பந்துவீச்சாளர் பிரசன்னா 70க்கு 5, 41க்கு 4 என்று ஒன்பது எடுத்தார். நான்கு இன்னிங்ஸும் 190, 192, 256, 154. யார் வீசினாலும் ஏதோ கிடைத்த பிட்ச் அது. போதாக்குறைக்கு அந்த டெஸ்டில் கவாஸ்கர் ஆடவில்லை. ஆனாலும் ஹிர்வானிக்கு மேலே, ஹர்பஜனுக்குக் கீழே ராபர்ட்ஸ். இந்த மைதானத்தில் வேகத்தால் 12 எடுப்பது சுழலால் 16 எடுப்பதைவிடக் கடினம் என்பது என் கட்சி. கபில் தேவ் 1980இல் பாகிஸ்தானுக்கு எதிராக 11 எடுத்ததையும் இதே கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

1952இல் இங்கிலாந்துக்கு எதிராக வினூ மன்கட் எடுத்த 55க்கு 8, 53க்கு 4 வரலாற்றுக் கனத்தில் எல்லாவற்றுக்கும் மேல். 1932இலிருந்து ஆடிவந்த இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது, ஒரு இன்னிங்ஸ் 8 ரன் வித்தியாசத்தில். ஆனால் வந்தது இங்கிலாந்தின் முழு பலமான அணி அல்ல; ஹட்டனும் காம்ப்டனும் பெட்ஸரும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். வரலாறு வேறு, பந்துவீச்சு வேறு.

கும்ப்ளேயின் 2004 கதை வேறு மாதிரி. அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 48க்கு 7. தொடக்க ஜோடி நூறைத் தாண்டிய பிறகும் 235க்கு எல்லோரும் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் டேமியன் மார்ட்டின் சதம் அடிக்க, நைட் வாட்ச்மேனாக, அதாவது நாள் முடியும் நேரத்தில் முக்கிய பேட்ஸ்மேனுக்குப் பதிலாக முன்கூட்டியே வந்த கில்லெஸ்பி நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிட, கும்ப்ளே 133 கொடுத்து 6 எடுத்தார். மொத்தம் 13. 229 இலக்கு, விக்கெட் இழப்பின்றி 19. கடைசி நாள் முழுக்க மழை, டிரா. வென்றிருந்தால் இன்றைக்கு ஹர்பஜனோடு சேர்த்துத்தான் பேசியிருப்போம். ஆனால் அதே டெஸ்டில் வார்னும் 125க்கு 6 எடுத்தார். பிட்சில் சுழல் இருந்தது. நான்காம் இடம்.

ஐந்தாம் இடத்துக்குத்தான் எனக்குள் இன்னும் சண்டை. எண்ணிக்கைப்படி 2013இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 12 எடுத்த அஸ்வின் வர வேண்டும். நான் 1999இல் இந்தியாவுக்கு எதிராக ஆடிய பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக்கைத்தான் வைப்பேன். 94க்கு 5, 93க்கு 5. முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கரைப் பூஜ்யத்தில் அனுப்பினார். இரண்டாவதில் அதே டெண்டுல்கர் முதுகுவலியோடு அவரை அடித்து நொறுக்கினார். 136 எடுத்து, வெற்றிக்கு 17 ரன்னே இருந்தபோது இன்னொரு பெரிய அடிக்குப் போக, சக்லைன் பந்தில் வாசிம் அக்ரம் கையில் கேட்ச். அதிலிருந்து நான்கு ரன்னுக்குள் மீதி மூன்றும் போய் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது. அவ்வளவு அடி வாங்கிய பிறகும் பந்தைத் தட்டையாக வீசி ஒதுங்காமல் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ராவையும் கலந்து தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார் என்பதற்காகவே, 10 விக்கெட்டை 12க்கு மேலே வைக்கிறேன். அஸ்வின் ரசிகர்கள் திட்டலாம்.