10-க்கு 12 ஹாலில் யமஹா ஆர்எக்ஸ்-வி385: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

எங்கள் வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில், மலிவு விலை வரிசை வீடுகளில் ஒன்று. ஹால் 10 அடிக்கு 12 அடி. ஒரு பக்கச் சுவர் அண்டை வீட்டோடு பொது. மேலே தகரக் கூரை, கீழே வழவழவென்று சிமெண்டுத் தரை. ஹோம் தியேட்டர் வைக்க இதைவிட மோசமான அறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எம்.சி.ஓ. என்ற கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த கையோடு வாங்கிய ஆர்எக்ஸ்-வி385, அதாவது டிவி ஒலியை வாங்கிப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்துத் தரும் ரிசீவர், இந்த அறையில்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை வாட் அண்ணே?" என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்.

இந்த செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 6 ஓம் சுமையில், 2 சேனல் ஓட, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அளந்தால் சேனலுக்கு 70 வாட். ஒரே ஒரு சேனலை 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் அளந்தால் அதே செட் 100 வாட் ஆகிவிடும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் "பாஸ், 1000 வாட் பாஸ்" என்று விற்கும் பெட்டிகளின் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்று இதிலேயே புரியும். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர், அதே 1 வாட்டில் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஏறக்குறைய 82 டெசிபல் தரும். 3 டெசிபல் ஏற ஏற வாட் இரட்டிப்பாகும். அதாவது 16 வாட்டுக்கே 94 டெசிபல். அதற்கு மேல் போனால் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார். மீதி வாட் எல்லாம் வெடிச் சத்தம் மாதிரி நொடிநேர எகிறலுக்குத்தான்.

சின்ன அறையில் நிஜமாகவே வித்தியாசம் காட்டியது நடு ஸ்பீக்கர். தமிழ்ப் படங்களில் பின்னணி இசை வசனத்தை விழுங்கிவிடுகிறது என்று புலம்பாத வீடு உண்டா? நடு சேனலை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன். அம்மா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தது அன்றோடு நின்றது. ஒன்று கவனியுங்கள்: ஸ்டீரியோவில் வரும் சீரியலை 'ஸ்ட்ரெய்ட்' முறையில், அதாவது வந்த ஒலியை மாற்றாமல் அப்படியே, போட்டால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் மட்டுமே பேசும், நடு ஸ்பீக்கர் ஊமையாக நிற்கும். ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிக்கும் சரவுண்ட் டிகோடரைப் போட்டால்தான் குரல் நடுவுக்கு வரும். "சென்டர் கெட்டுப்போச்சு" என்று என் மச்சான் செட்டைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கே கிளம்பிவிட்டான். கோளாறு இந்த ஒரு பட்டனில்தான்.

அடுத்தது பேஸ் ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர். இங்கே எதிரி அறைதான். 12 அடி நீளம் என்றால் 47 ஹெர்ட்ஸ் பக்கமும், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கமும் ஒலி தானாகவே வீங்கும். மூலையில் வைத்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு டிரம் அடியும் 'டொம்ம்ம்' என்று இழுக்கும், சாமி படக் கண்ணாடி கூடவே அதிரும். சப்வூஃபரைத் தூக்கி சோபாவில் நாம் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேட்க வேண்டும். எந்த இடத்தில் பேஸ் தெளிவாக, இழுவை இல்லாமல் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்துவிடலாம். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்குக் கிடைத்த இடம் டிவி மேசைக்கு இடப்பக்கம், பொதுச் சுவரை விட்டு விலகி. அது ரெட்டை லாபம், ஏனென்றால் செங்கல் சுவர் பேச்சுக் குரலைத் தடுக்கும், பேஸைத் தடுக்காது. ராத்திரியில், பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் அடாப்டிவ் டிஆர்சியைப் போட்டுவிட்டால் வெடிச் சத்தம் அடங்கி, மெதுவான வசனமும் காதில் விழும்.

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து, அறைக்கேற்ப ஸ்பீக்கர்களைத் தானாகச் சரிசெய்யும் ஒய்பிஏஓ அளவீட்டை மழை நேரத்தில் செய்யாதீர்கள். தகரக் கூரையில் மழை விழும்போது மைக்குக்கு வேறு எதுவும் கேட்காது. விசிறியை நிறுத்தி, மைக்கைக் காது உயரத்தில் வைத்து, எல்லாரையும் அஞ்சடிக்கு (வாசல் நடைபாதைக்கு) அனுப்பிவிட்டுச் செய்ய வேண்டும். முடிந்ததும் மெனுவுக்குள் போய் ஒருதரம் பாருங்கள். எந்தப் பிராண்டானாலும் தானியங்கி அளவீடு சில சமயம் சின்ன ஸ்பீக்கரையும் 'லார்ஜ்' என்று எடுத்துக்கொள்ளும். 'ஸ்மால்' ஆக்கி, பேஸைப் பிரிக்கும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் பேஸின் பாரமெல்லாம் சப்வூஃபர் தலையில் போய்விடும்.

பழைய செட் மலிவாகக் கிடைக்கிறதே என்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் செட் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் அதோடு கதை முடிந்தது. இன்னொன்று எச்டிசிபி 2.2, அதாவது நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு. அது இல்லாத ரிசீவர் வழியாக அந்தப் பூட்டுள்ள 4கே படம் டிவிக்குப் போகாது. படம் தரும் பெட்டியை நேராக டிவியில் மாட்டி, ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வசதி) மூலம் ஒலியை மட்டும் ரிசீவருக்குத் திருப்பலாம். ஏஆர்சியில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சரவுண்ட் ஒலி வடிவம் வரும், ஆப்டிகல் கேபிளில் அது வராது. வி385-இல் எச்டிசிபி 2.2-வும் ஏஆர்சியும் உண்டு, 4 எச்டிஎம்ஐ உள்ளீடு உண்டு. வைஃபை இல்லை, தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் இல்லை. இந்தக் கூரையில் ஸ்பீக்கர் தொங்கவிட யாரும் விடப்போவதில்லை என்பதால் அட்மாஸ் இல்லாதது எனக்குக் குறையாகத் தோன்றவே இல்லை. அட்மாஸ் ஒலி வந்தாலும் செட் அதிலிருக்கும் 5.1-ஐ (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்கான ஒலியை) எடுத்துப் பாடிவிடும்.

பராமரிப்பில் பெரிய தொல்லை சூடும் பல்லியும். ரிசீவர் மேல் ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி பெட்டியை அடுக்காதீர்கள். காற்றுத் துளை எல்லாம் மேலேதான் இருக்கிறது. அந்தக் கதகதப்புக்குத்தான் பல்லி தேடி வரும். உள்ளே புகுந்து போர்டில் இரண்டு முனையைத் தொட்டால் பல்லியும் போச்சு, ஃபியூசும் போச்சு. நான் துளைகளுக்கு மேல் நாலு விரல் உயரத்தில், நாலு மரக்கட்டை மேல் மெல்லிய கொசுவலைக் கம்பியை நாலு பக்கமும் கீழே மடித்துப் பொருத்தி வைத்திருக்கிறேன். சூடு தங்கவில்லை. தூசியைப் பெயிண்ட் பிரஷால் தட்டிவிடுவேன்.

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கூரை மேல் இருக்கும் ஆஸ்ட்ரோ டிஷ்ஷின் கேபிள் வழியாகவும் மின்னல் இறங்கி, எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்குள் வரும். எங்கள் வரிசை வீடுகளில் செத்த செட்டுகளில் பாதிக்கு மேல் எச்டிஎம்ஐ போர்டுதான் போயிருக்கிறது. டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

4கே 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடுகிறவர்களுக்கு இந்த செட் வழியாக அந்தப் படம் வராது. கேம் பெட்டியை நேராக டிவியில் மாட்டி ஒலியை ஏஆர்சியில் எடுங்கள், இல்லை எச்டிஎம்ஐ 2.1 உள்ள மாடலுக்குக் கூடுதலாக வெள்ளி (ரிங்கிட்) எடுத்து வையுங்கள். படமும் பாட்டும்தான் என்றால் அந்த வெள்ளியை நல்ல நடு ஸ்பீக்கரில் போடுங்கள்.