மூன்று வளைய லீஷ்: நியூ ஜெர்மனித் தெருவில் பயன்படுத்திப் பார்த்தது

இரண்டு மீட்டர் பட்டை, இரண்டு முனையிலும் ஒரு கொக்கி, நடுவில் மூன்று வளையம். பொருள் இவ்வளவுதான். ஜெர்மனியில் நாய் வைத்திருப்பவர்கள் கையில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடத்திப்போகும் வார். நான் பார்த்தது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு மேற்கே, பைன்டவுனை ஒட்டி இருக்கும் நியூ ஜெர்மனியில், நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஜெர்மன் தம்பதியின் கையில்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் திருப்பூர்க்காரன். நாடாத் தறியில் பிழைப்பைத் தொடங்கினேன், இங்கேயும் நாடா நெய்யும் ஆலையில்தான் வேலை. அதனால் நாய் லீஷைக் கையில் கொடுத்தால்கூட முதலில் அதன் ஓரத்தைத்தான் பார்ப்பேன், அப்புறம்தான் விலை. எங்கள் நாய் மணி விலங்கு காப்பகத்திலிருந்து வந்தவன், ரிட்ஜ்பேக் என்ற பெரிய வேட்டைநாய் இனத்தின் கலப்பு, முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. லீஷைச் சோதிக்க இவனைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டான்.

லீஷுக்கு முன்னால் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றாலே பாதித் தெரு நம்மிடம் பேசிவிடும். இங்கே எல்லா வீட்டுக்கும் உயரமான மதில், மதில் மேல் மின்வேலி, கேட்டில் ‘ஆயுதக் காவல் உண்டு’ என்று பலகை. கேட் தானாகத் திறக்கும், கார் வெளியே போகும், கேட் மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைவிட அவர் காரின் நிறம்தான் நமக்கு நன்றாகத் தெரியும். தெருவில் நடப்பவர்கள் மூன்று வகை: வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், காவலாளிகள், நாய் வைத்திருப்பவர்கள். என்னை மூன்றாவது வகையில் சேர்த்துவிட்டது மணி.

அந்த ஜெர்மன் அம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தையே, தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து, “ஆணா, பெண்ணா?” என்பதுதான். நாயைக் கேட்கிறார். ஜெர்மனியில் இது வழக்கமாம். எதிரே இன்னொரு நாய் வந்தால் தூரத்திலேயே இதைக் கேட்டுக்கொண்டு, கிட்டே போவதா ஒதுங்குவதா என்று முடிவு செய்வார்கள். “ஆண்” என்றேன். தலையாட்டிவிட்டுத் தன் குட்டைக்கால் நாயான டாக்ஸ்ஹுண்டைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்விட்டார். என்ன இது, இவ்வளவு கறாரா என்று இருந்தது. மறுநாள் அவரே விளக்கினார்: லீஷ் விறைத்திருக்கும்போது நாய் விலகிப்போக நினைத்தாலும் முடியாது, அதனால் கட்டிய நாய்களை மூக்கோடு மூக்கு விடவே கூடாது. பக்கத்தில் பக்கத்தில் நடக்க வையுங்கள், தானாகப் பழகிவிடும். அப்படித்தான் நாங்களும் பழகினோம். மணியின் பெயர் தெரிந்து வெகு காலம் கழித்துத்தான் என் பெயரைக் கேட்டார்.

அவர் கணவர் ஜெர்மனியின் லோயர் சாக்ஸனி மாநிலத்திலிருந்து வேலைக்காக வந்தவர். அங்கே 2013 முதல், புதிதாக நாய் வாங்குபவர் நாய் வளர்ப்பு பற்றித் தேர்வு எழுதித் தேற வேண்டும், அப்புறம் நாயோடு செய்முறைத் தேர்வும் உண்டு. நகராட்சிக்கு நாய் வரி தனி. “உன் ஊரில் எப்படி?” என்று கேட்டார். எங்கள் தெருவில் நாய்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்றேன்.

அந்த அம்மா இந்த நாட்டிலேயே பிறந்தவர். இங்குள்ள வார்ட்பர்க் ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டக் குடும்பம், வீட்டில் இன்றைக்கும் ஜெர்மன்தான். நியூ ஜெர்மனி என்ற பெயர் எப்படி வந்தது என்று நடந்தபடியே சொன்னவரும் அவர்தான். 1848-இல் யோனாஸ் பெர்க்தைல் என்பவர் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் பக்கத்திலிருந்து குடும்பங்களைப் பருத்தி பயிரிட இங்கே அழைத்து வந்தார். பருத்தி கைகொடுக்கவில்லை. வந்தவர்கள் காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். பக்கத்து வெஸ்ட்வில்லில் பெர்க்தைல் பெயரில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1860-இல், கரும்புக்காக நம் ஆட்கள் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். பருத்தி விளையாத ஊரில் உட்கார்ந்து நாடா நெய்கிறேன் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, லீஷுக்கு வருவோம். ஒரு முனைக் கொக்கியை நாயின் கழுத்துப்பட்டையில் மாட்டுகிறோம். மறுமுனைக் கொக்கியை எந்த வளையத்தில் மாட்டுகிறோமோ அதை வைத்து நீளம் மாறும். நம் கைப்பக்கம் இருக்கும் வளையத்தில் மாட்டினால் சின்னக் கைப்பிடியும் முழு நீளமும் கிடைக்கும். நாய்ப்பக்க வளையத்தில் மாட்டினால் பட்டை இரண்டாக மடிந்து ஒரு மீட்டர் ஆகிவிடும். நடு வளையம் இரண்டுக்கும் இடைப்பட்டது. கடை வாசல் கம்பத்தில் கட்ட வேண்டுமென்றால் ஒரு சுற்றுச் சுற்றி வளையத்தில் மாட்டினால் போதும், நாயை அவிழ்க்கவே வேண்டாம்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது பொத்தானை அழுத்தினால் டப்பாவுக்குள் சுருண்டுகொள்ளும் லீஷ். திறந்த புல்வெளிக்கு அது நல்லது, குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தெருவுக்கு ஆகாது. மெல்லிய கயிறு ஐந்து மீட்டர் ஓடி, கம்பியில் உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பார்த்து மணி பாயும்போது, பிரேக்கை அழுத்துவதற்குள் கயிறு கெண்டைக்காலைச் சூடு போட்டுவிடும்.

அதைவிடப் பெரிய காரணம் காலை ஆறரை மணிக்கு மேட்டில் ஏறி வருகிறவர்கள். மினிபஸ் டாக்சியிலிருந்து இறங்கி வேலைக்கு வரும் கறுப்பினப் பெண்கள் பலருக்கு நாய் என்றால் விளையாட்டு இல்லை. நிறவெறி ஆட்சியில் போலீஸ் நாய்களை மக்கள் மேல் ஏவிவிட்ட நாடு இது. இன்றைக்கும் பெரிய வீடுகளின் நாய்கள் யாரைப் பார்த்துக் கூடுதலாகக் குரைக்கின்றன என்பது தெருவில் நடப்பவருக்குத் தெரியும். அந்த ஜெர்மன் அம்மா இதில் ஒரு வரிசை வைத்திருக்கிறார்: ஆள் வருவது தெரிந்ததும் முதலில் லீஷைக் குறை, பிறகு தெருவோரம் மாறு, அப்புறம் வணக்கம் சொல். வணக்கத்தை முதலில் சொன்னால் நாயும் சேர்ந்து முன்னால் போகும் என்பார்.

தினமும் எதிரே வரும் ஓர் அம்மா, மூன்றாவது வீட்டில் வேலை செய்கிறவர், எங்களைப் பார்த்தாலே கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையின் நடுவுக்குப் போய்விடுவார். அந்த வளைவில் கார் வேகமாக வரும். டப்பா லீஷில் நான் பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? இப்போது அவர் பார்க்கும்போதே கொக்கியைக் கழற்றி நாய்ப்பக்க வளையத்தில் மாட்டுகிறேன். ‘க்ளிக்’ என்று சத்தம் வேறு கேட்கும். மணி என் தொடையோடு நிற்பான். ஜூலு மொழியில் “சாவுபோனா” (வணக்கம்) என்றால், சாலை ஓரத்தில் நின்றபடியே “யெபோ” (ஆமாம்) என்கிறார். நாய்ப்பக்கம் பார்ப்பதில்லை, அது அவர் இஷ்டம். இந்த ஒரு வசதிக்காகவே லீஷுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இனி துணிக்காரன் பார்வை. தம்பதி வைத்திருப்பது தோல். அழகு அதுதான், கையில் பிடித்தால் விடமுடியாது. ஆனால் டர்பன் பக்கத்து மழைக்காலக் காற்றில் தோலைக் கொடியில் தொங்கவிட்டால் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும். அந்த அம்மாவின் கணவர் வாரம் தவறாமல் துடைத்து மெழுகு தடவுகிறார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் பாலியெஸ்டர் நாடாவின் மேல் மிருதுவான பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த வகையை, வீட்டிலேயே செய்து விற்கும் ஒருவரிடம் சொல்லி வாங்கினேன். 19 மில்லிமீட்டர் அகலம், 550 ராண்ட். உள்ளே நாடா நெருக்கமான நெசவு, இழுவை முழுதும் அதன் மேல்தான். பூச்சு தண்ணீர் குடிக்காது. சேற்றில் புரண்டு வந்தாலும் குழாயடியில் காட்டி ஒரு துணியால் துடைத்தால் போதும், நாற்றம் நிற்காது. உண்ணி ஒளிந்துகொள்ள இழை இடுக்கும் இல்லை. இந்த ஊரில் உண்ணிக்கடியால் நாய்க்கு வரும் பிலியரி உயிரையே எடுக்கும் காய்ச்சல், அதனால் நடை முடிந்ததும் லீஷையும் காது மடலையும் சேர்த்தே பார்ப்பேன்.

பூச்சில் பளபளப்பானது, மங்கலானது என்று இரண்டு உண்டு. மங்கலானதையே கேளுங்கள், மற்றது மழையில் வழுக்கும். கொக்கி பித்தளையாக இருக்கட்டும். முலாம் பூசிய இரும்பு கடற்கரை உப்புக்குச் சீக்கிரம் துருப்பிடித்து, விரலுக்கு மசியாது. பித்தளை கொஞ்சம் பச்சை கட்டும், வேலை கெடாது.

குறை ஒன்று இருக்கிறது, சின்னதல்ல. வளையங்களைத் தைக்காமல் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். பூச்சு மேல் தையல் போட்டால் ஊசித் துளை வரிசையிலேயே கிழியக்கூடும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் திருகாணி ஆடி ஆடித் தளரும். எங்களுடையதில் ஒன்று தளர்ந்து பாதி வெளியே நின்றதை, கொக்கி மாற்றும்போது கை பட்டுத்தான் கண்டுபிடித்தேன். விற்றவரிடம் சொன்னபோது “இறுக்கிக்கொள்ளுங்கள்” என்றார். முப்பது கிலோ நாய் தொங்கும் பொருளுக்கு இது பதில் இல்லை. அவரிடமே கொண்டுபோய் நின்றதும் முகம் சுளித்துக்கொண்டே தட்டி அடிக்கும் ரிவெட் போட்டுக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. நீங்கள் சொல்லிச் செய்வதென்றால் முதலிலேயே ரிவெட் என்று சொல்லிவிடுங்கள்.

தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு கைவீசி நடக்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். சாது நாய்க்குச் சரி. குரங்கு நடமாடும் தெருவில், உங்களில் பாதி எடை உள்ள நாயோடு அதைச் செய்யாதீர்கள். டாக்ஸ்ஹுண்ட் மாதிரிச் சின்ன நாய்க்கு 19 மில்லிமீட்டர் பட்டையும் பித்தளையும் கனம், கழுத்து தாழ்ந்துவிடும். 13 மில்லிமீட்டரில் கேளுங்கள். கறுப்பு நிறம் வேண்டாம், வெயிலில் காரில் கிடந்தால் கை வைக்க முடியாது. எங்களுடையது ஆரஞ்சு. நிறம் பிடிக்கவில்லை என்று என் மனைவி இன்னும் சொல்கிறாள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.